நெரிபடும் இடம்

மருத்துவர் ஐலாவின் நடுவிரல் நகத்தைச் சுண்டிவிட்டார். கட்டைவிரல் தானாக உள்ளே மடங்கியது. மறுபடியும் சுண்டினார். மறுபடியும் மடங்கியது.

"கோளாறு கையில இல்ல ஐலா. கழுத்துலன்னு நினைக்கிறேன். எம்ஆர்ஐ எடுத்துப் பார்த்துடணும்."

கனடாவின் தண்டர் பே துறைமுகத்தில் கப்பல்களுக்கு வெல்டிங் செய்பவள் ஐலா. விரல்கள் மரத்துப்போனதால் போன வருடம் மணிக்கட்டில் அறுவை செய்துகொண்டும் பலனில்லை. இப்போது சட்டைப் பொத்தானைக் கணவன் ரெய்னோதான் போட்டுவிடுகிறான். படி இறங்கும்போது கால் எங்கே இருக்கிறதென்று அவள் குனிந்து பார்த்துக்கொள்வது அவனுக்குத் தெரியாது.

ஸ்கேனுக்கு மூன்று மாதம் ஆகும் என்றார்கள். யாராவது வராமல்போனால் கூப்பிடுங்கள் என்று தினமும் மருத்துவமனைக்குப் போன் செய்தாள். "உன் குரலக் கேட்டாலே அவங்களுக்குக் கழுத்து வலிக்கும்" என்றான் ரெய்னோ. ஒரு புதன்கிழமை கூப்பிட்டேவிட்டார்கள்.

"கண்ணுல எப்பவாச்சும் இரும்புத் தூள் விழுந்திருக்கா?" ஸ்கேன் எடுக்கும் பெண் கேட்டாள்.

இல்லை என்றுதான் ஐலாவுக்கு வாயில் வந்தது. இன்றைக்கு விட்டால் மறுபடி எப்போதோ. "விழுந்திருக்கு. எடுத்துட்டாங்க."

"மிச்சம் இருந்தா காந்தம் அதை நகர்த்தும், கண்ணே போயிடும். முதல்ல எக்ஸ்ரே எடுத்துட்டு வாங்க."

"என் இடத்த யாருக்கும் குடுத்துடாதம்மா."

"அடுத்தவர முதல்ல எடுக்கறேன். அதுக்குள்ள வந்துடுங்க."

கண்ணில் ஒன்றுமில்லை. முகத்தின் மேல் கூண்டு போல ஒன்றை மாட்டி அவளைக் குழாய்க்குள் அனுப்பினார்கள். கப்பலின் அடித்தொட்டிக்குள் தவழ்ந்து வேலை பார்த்தவளுக்கு நெருக்கடியோ இயந்திரத்தின் சம்மட்டிச் சத்தமோ பயமில்லை. காலைத்தான் நம்ப முடியவில்லை. சமீபமாக அது தன்பாட்டுக்குத் துள்ளுகிறது. உடம்பு அசைந்தால் படம் கலைந்துவிடும். துள்ளல் தொடையில் திரள்வது தெரிந்தபோதெல்லாம் எச்சில்கூட விழுங்காமல், மெல்ல மூச்சை விட்டு அதைக் கடத்தினாள். வெளியே வந்தபோது முதுகு நனைந்திருந்தது. படம் தெளிவாக வந்திருக்கிறது என்றாள் அந்தப் பெண்.

அடுத்த வாரம் அறுவை நிபுணர் அதைத் திரையில் காட்டினார். "இந்த வெள்ளையா தெரியறது நீர். நடுவுல சாம்பலா ஓடறது தண்டுவடம். இங்க பாருங்க, ரெண்டு எடத்துல நீரே இல்ல. டிஸ்க்கும் எலும்பும் சேர்ந்து தண்டுவடத்த நெரிக்குது."

"ஆபரேஷன் பண்ணா விரல் பழையபடி வருமா?"

"உறுதியா சொல்ல முடியாது. மேல மோசமாகாம நிறுத்தறதுக்குத்தான் முக்கியமா பண்றோம்."

ரெய்னோ தொப்பியைக் கசக்கிக்கொண்டிருந்தான். "கழுத்துல கத்தி வெக்கறதுன்னா... கொஞ்சம் யோசிப்போமே ஐலா."

"நான் படிய குனிஞ்சு பார்த்துத்தான் எறங்கறேன், ரெய்னோ. ரொம்ப நாளா." அவன் நிமிர்ந்து பார்த்தான். அவள் நிபுணரிடம் திரும்பினாள். "எப்ப வெச்சுக்கலாம்?"

வெளியே வண்டி நிறுத்துமிடத்தில் புதுப்பனி விழுந்திருந்தது. வண்டிக் கதவைப் பிடித்தபடி ஐலா திரும்பிப் பார்த்தாள். வாசலிலிருந்து ரெய்னோவின் தடங்கள் தனித்தனியாக அழுந்தி வந்திருந்தன. பக்கத்தில், அவளுடைய தடங்களை ஒன்றோடொன்று இழுத்துக் கட்டியதுபோல் கால் இழுபட்ட நீளமான ஒரு கீறல். ரெய்னோவும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். பனி அதன்மேல் மெல்ல விழத் தொடங்கியிருந்தது.