கோணல் தேடிய மதியம்

எங்கள் அலுவலகத்தில் யார் எப்படிக் கிறுக்கினாலும், ஃபைலைச் சேமித்த நொடியில் கணினி நிரலை வரிசையாக அடுக்கித் தருவது நான் எழுதிய ஃபார்மேட்டர். நான்கு வருடமாக அதற்குத் தாயும் நானே, தகப்பனும் நானே.

போன வாரம் எங்கள் நிரல்மொழியின் புதிய பதிப்பு வந்தது. அதில் 'மேட்ச்' என்று ஒரு புது அமைப்பு. எல்லோரும் அதன்மேல் விழுந்தடித்துக்கொண்டு பாய்ந்தார்கள். என் ஃபார்மேட்டரோ, மேட்சைக் கண்டாலே ஒரு கத்து கத்திவிட்டுப் படுத்துக்கொண்டது.

"இன்னிக்கு சாயங்காலத்துக்குள்ள சரியாகலன்னா, வெளியில கிடைக்கிற வேற கருவிக்கு மாறிடலாம். வருத்தப்படாதீங்க" என்றார் குழுத் தலைவர். பிள்ளையைக் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளிவிட்டு வருத்தப்படாதே என்றால் எப்படி?

மதியத்துக்குள் மேட்சைக் கற்றுக்கொடுத்துவிட்டேன். சோதிக்க நாற்பது ஜோடி மாதிரிகளும் எழுதினேன்: கோணலாக ஒன்று, அது எப்படி மாற வேண்டுமோ அப்படி ஒன்று. ஓட்டினால் நாற்பதும் பச்சை, அதாவது தேர்ச்சி. துள்ளிக் குதித்துப் போய், சோதனைப் பிரிவில் இருக்கும் அண்ணியை, அதாவது என் அண்ணன் மனைவியை, கையோடு அழைத்துவந்தேன்.

அண்ணி மாதிரிகளைத் திறந்து பார்த்தார்.

"தம்பி, இதுல கோணல் எங்க இருக்கு?"

பார்த்தேன். ஒன்றிலும் கோணல் இல்லை. ஒவ்வொரு மாதிரியையும் நான் சேமித்தபோது, புது வித்தை கற்ற என் செல்ல ஃபார்மேட்டர் அதையும் அழகாக அடுக்கிவைத்திருந்தது. அழகை அழகோடு ஒப்பிட்டால் பச்சை வராமல் என்ன வரும்?

"சரி, விடுங்க. ஒரு வாரமா உங்க பிள்ளை படுத்துக் கிடந்ததுல, யார் மேட்சும் அடுக்கப்படாம அப்படியேதான் இருக்கு. தலைவர் ஃபைலை எடுங்க."

எடுத்தோம். அறுநூறு வரி. மேட்சுக்குள் மேட்ச், அதற்குள் இன்னொன்று, கண்ட இடத்தில் கமெண்ட் என்னும் குறிப்புகள். ஃபார்மேட்டர் அதில் பதினொரு கமெண்ட்டை ஏப்பமே விடாமல் விழுங்கியது. ஒவ்வொன்றாகக் கக்கவைத்து முடித்தபோது மணி ஐந்தே கால். கடைசியாக ஒருமுறை ஓட்டிப் பார்க்க, தலைவரின் அசல் ஃபைலை மறுபடி திறந்தேன்.

தலைவர் வந்து என் திரையைப் பார்த்ததும் முகம் சுளித்தார்.

"ஐயய்யே! யார் எழுதின கண்றாவி இது?"

அண்ணிதான் சொன்னார்: "நீங்கதான் சார். செவ்வாய்க்கிழமை."

நான் பொத்தானை அழுத்தினேன். கண் இமைக்கும் நேரத்தில் அறுநூறு வரியும் ஒழுங்காக நின்றன. ஒரு கமெண்ட்கூடக் குறையவில்லை. தலைவர் மேலிருந்து கீழ்வரை படித்தார். பிறகு, மெதுவாக:

"நாலு வருஷமா நான் இப்படித்தான் எழுதிட்டு இருக்கேனா?"

"ஆமா சார்" என்றேன்.

அவர் கதவை ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

"வேற கருவி எல்லாம் வேணாம். இதெல்லாம் வெளியாள் பார்க்கிற விஷயமா?"