கொல்லிமலைக்கு இரண்டு பேட்டரி

மழை வந்தால் என்ன செய்வது என்று பூபதி கேட்டு முடிப்பதற்குள் சைபுல்லா சிரித்துவிட்டான்.

"தார்ப்பாய்க் கடைக்காரன்கிட்டயே மழையக் காட்டிப் பயமுறுத்தறயா? மேல ஒண்ணு, கீழ ஒண்ணு. கீழ போடறதோட ஓரத்த உள்பக்கமா மடிச்சு உட்டுட்டா, கூடாரத்து மேல விழற தண்ணி அடியில வராது."

"அட்டை?"

"செருப்புக்குப் பதிலா பூட்ஸு. காலுறையில உப்பும் வேப்பெண்ணெயும்."

"கரடி வந்துச்சுன்னா?"

"உங்களப் பாத்தா அதுவே ஓடிரும்ங்ணா," என்றான் காளிதாஸ்.

நாமக்கல்லிலிருந்து சேந்தமங்கலம் போகிற சாலையில் பூபதிக்கு லாரி பாடி கட்டும் பட்டறை. அதே சாலையில் சைபுல்லாவின் தார்ப்பாய்க் கடை. பட்டறையிலிருந்து புது வண்டி வெளியே போனால் அதன் தலையில் சைபுல்லாவின் தார்ப்பாய் இருக்கும். அதன் விளக்குகளுக்கு ஒயர் இழுத்தவன் காளிதாஸாக இருப்பான். காளிதாஸ் மற்ற இருவருக்கும் இளையவன். ஞாயிற்றுக்கிழமை, பட்டறைக்கு லீவு. கட்டி முடியாத ஒரு லாரியின் நிழலில் மூவரும் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள்.

திட்டம் சைபுல்லாவுடையது. கொல்லிமலையில் காட்டுக்குள்ளேயே கூடாரம் போட வனத்துறை விடாது. ஆனால் காட்டை ஒட்டி மிளகும் காப்பியும் வைத்திருக்கிற ஒருவர், தன் தோட்டத்து மேட்டில் தங்கிக்கொள்ளச் சொல்லியிருந்தார். எழுபது வளைவு ஏறிப் போய், கூடாரம் அடித்து, சோறாக்கித் தின்று, அங்கேயே படுத்து எழுந்து வரவேண்டும். அவ்வளவுதான்.

பூபதிக்கு மழையும் பொருட்டில்லை, கரடியும் பொருட்டில்லை. அந்தப் 'படுத்து எழுந்து' என்பதில்தான் அவன் மாட்டிக்கொண்டிருந்தான்.

மூன்று வருஷமாக அவன் வீட்டைத் தவிர வேறெங்கும் படுத்ததில்லை. கட்டிலுக்குப் பக்கத்தில் செங்கல் அளவில் ஒரு பெட்டி இருக்கிறது. அதிலிருந்து நீளமாக ஒரு குழாய், குழாய் முனையில் மூக்கை மூடும் ஒரு கவசம். தூங்கும்போது எல்லோருக்கும் தொண்டைச் சதை தளரும். பூபதிக்கு அது ஒரேயடியாகத் தளர்ந்து மூச்சு போகிற வழியையே மூடிவிடும். காற்று வராமல் மூளை பதறி அவனை உலுக்கும், அவன் திணறி மூச்சிழுப்பான், மறுபடி தூங்குவான், மறுபடி மூடும். விடியும்வரை இதே கதை. பகலில் வெல்டிங் புகைக்கு நடுவே நின்றபடியே கண் சொருகும்.

சேலத்து டாக்டர் அதை அவனுக்குப் புரிகிற மாதிரி சொன்னார். காற்றில்லாத டியூப் தட்டையாக ஒட்டிக்கிடக்கும். கொஞ்சமே காற்றடித்தாலும் ஒட்டாமல் நிற்கும். பெட்டிக்குள் இருக்கிற சின்ன விசிறி செய்வது அவ்வளவுதான். அவனுக்குப் பதிலாக அது மூச்சு விடுவதில்லை. வழி ஒட்டிக்கொள்ளாமல் காற்றை முட்டுக்கொடுத்து நிறுத்துகிறது. முதல் நாள் மாட்டித் தூங்கி எழுந்தபோது, தலையிலிருந்து ஒரு மூட்டையை இறக்கி வைத்த மாதிரி இருந்தது.

ஆனால் யாரிடமும் சொல்லவில்லை. லாரிக் கதவை ஒற்றை ஆளாய்த் தூக்கி மாட்டுகிறவன் என்று பேரெடுத்தவன், துதிக்கை வைத்த மாதிரி முகத்தோடு படுத்திருப்பதை நாலு பேர் பார்ப்பதை அவனால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

"பட்டறையில வேலை கெடக்குது. நீங்க ரெண்டு பேரும் போயிட்டு வாங்க," என்றான்.

சைபுல்லா டீ டம்ளரைக் கீழே வைத்தான்.

"ரிஹானா கல்யாணத்தப்பவும் இதத்தான் சொன்னே."

இரண்டு வருஷத்துக்கு முன் சைபுல்லாவின் மகளுக்கு மேட்டூரில் நடந்த கல்யாணம் அது. பூபதி குடும்பத்துக்கென்று சம்பந்தி வீட்டு மாடியில் தனி அறை ஒதுக்கி, புதுப் பாய் வாங்கிப் போட்டிருந்தான் சைபுல்லா. சாப்பிட்ட கையோடு பூபதி வண்டியைக் கிளப்பிக்கொண்டு வந்துவிட்டான்.

"அவசர வேலைடா அன்னைக்கு."

"அடுத்த நாளு பட்டறை பூட்டிக் கெடந்துச்சு. நான் கேக்கல. கேட்டா நீ சொல்ற பதிலு என்னவா இருக்குமோன்னு பயந்துக்கிட்டுக் கேக்கல." சைபுல்லாவின் குரல் தாழ்ந்தது. "சாப்பிட்டே. கறிக்கொழம்ப மூணு தரம் கேட்டு ஊத்திக்கிட்டே. ஆனா எங்க ஊட்டுல படுக்க மட்டும் மனசு வரல. அப்படித்தானே?"

பூபதிக்குச் சட்டென்று புரியவில்லை. புரிந்தபோது காது சூடேறியது. இந்த மூன்று வருஷமும் தான் ஒரு பெட்டியைத்தான் மறைத்துக்கொண்டிருப்பதாக அவன் நினைத்திருந்தான். மறைத்த இடத்தில் சைபுல்லா வேறொன்றைப் பார்த்துவிட்டிருக்கிறான்.

"பாய்... அய்யோ, அது இல்லடா."

எப்படி ஆரம்பிப்பதென்று தெரியாமல் போனை எடுத்து மனைவியை அழைத்தான். "சுகன்யா, அந்த மிசினப் பையோட எடுத்துக்கிட்டுப் பட்டறைக்கு வா. ஆமா, அதேதான்."

கொஞ்ச நேரத்தில் சுகன்யா ஸ்கூட்டரில் வந்து இறங்கினாள். அவள் பையைப் புருஷனிடம் கொடுக்காமல் நேராக சைபுல்லாவின் மடியில் வைத்தாள்.

"கல்யாணத்தன்னைக்கே சொல்லிப் போடுங்கன்னு தலைதலையா அடிச்சுக்கிட்டேனுங்ணா. மூஞ்சில மாட்டறதுக்கு வெக்கமாமா. மூச்சு நின்னு போறதுக்கு வெக்கம் இல்லையாம்."

பூபதி எல்லாவற்றையும் சொன்னான். சைபுல்லா கவசத்தை எடுத்து உள்ளேயும் வெளியேயும் திருப்பிப் பார்த்தான். தையல் பார்க்கிற கண் அது.

"கிறுக்கா," என்றான் கடைசியில். "இதுக்காடா நான் ரெண்டு வருசமா மனசுக்குள்ள புழுங்கிட்டுக் கெடந்தேன்?"

அதற்குள் காளிதாஸ் அடாப்டரைத் தலைகீழாகப் பிடித்து அதன் முதுகில் இருந்த பொடி எழுத்தைப் படித்துக்கொண்டிருந்தான்.

"அண்ணா! இது இருபத்தினாலு வோல்ட்டுங்ணா!"

"அதுக்கென்ன?"

"லாரியும் இருபத்தினாலுதானுங்களே!"

லாரியில் பன்னிரண்டு வோல்ட் பேட்டரிகள் இரண்டு ஒன்றன்பின் ஒன்றாக இணைந்திருக்கும், சேர்ந்தால் இருபத்துநான்கு. இன்வெர்ட்டர் போதாதா என்று சுகன்யா கேட்டாள்.

"அதுல பேட்டரிக் கரண்ட ஊட்டுக் கரண்டா மாத்தோணும்ங்க. இந்த அடாப்டரு அத மறுபடியும் பேட்டரிக் கரண்டா மாத்தும். ராசிபுரம் போறதுக்கு கோயமுத்தூர் போய்ட்டு வர்ற மாதிரி. போற வழியிலயே பாதி தீந்துரும்."

"அப்ப நேரா மாட்டிரலாமா?" என்றான் சைபுல்லா.

"அப்படி மாட்டக்கூடாது பாய். புல் சார்ஜுல இருபத்தஞ்சத் தாண்டி நிக்கும். நடுவால ஒரு ரெகுலேட்டர் போட்டு, இருபத்தினாலுக்கு மேல போகாம புடிச்சு வைக்கோணும். அப்புறம் காத்துக்கு ஈரம் குடுக்குற இந்தத் தண்ணித் தொட்டி. இதச் சுட வைக்கிற தட்டுதான் கரண்ட ஏகமாக் குடிக்கும். ஒரு ராத்திரிக்கு அத நிறுத்திக்கலாமான்னு டாக்டர ஒரு வார்த்தை கேட்டுக்குங்க. வெறும் விசிறின்னா ஹெட்லைட்டு தின்னறதுல பாதி கூட ஆகாது."

டாக்டர் போனில் சரி என்றார். தொண்டை கொஞ்சம் வறளும், அவ்வளவுதான் என்றார். அதற்குள் காளிதாஸ் தன் கடைக்கு ஓடிப்போய் ரெகுலேட்டரும் மீட்டரும் கொண்டுவந்துவிட்டான். இரண்டு பேட்டரிகளை இழுத்து வைத்து இணைத்தான். மீட்டர் முள்ளை இருபத்துநான்கில் நிறுத்தியபின்தான் பெட்டியின் ஒயரைச் சொருகினான். பெட்டி முனகிக்கொண்டு உயிர் பெற்றது.

"இப்ப நீங்க மாட்டிப் படுக்கோணும்ங்ணா. ஆளு மூச்சு விட்டாத்தான் எவ்வளவு இழுக்குதுன்னு நெசமாத் தெரியும்."

பூபதி சுகன்யாவைப் பார்த்தான். அவள் பேட்டரியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சைபுல்லா நாலாக மடித்த தார்ப்பாய் ஒன்றைத் தரையில் விரித்து, துண்டைச் சுருட்டித் தலைமாட்டில் வைத்தான்.

"நான் வேணா திரும்பிக்கட்டுமா?" என்றான்.

"வேண்டாம். பாத்துக்கோ."

மாட்டினான். வாரை இழுத்து இறுக்கினான். பட்டறைக் கூரையைப் பார்த்துக்கொண்டு மல்லாந்து படுத்தான்.

சைபுல்லா குனிந்து பார்த்தான். "சும்மா சொல்லக்கூடாது. ஏரோப்பிளேன் ஓட்டறவன் கணக்கா இருக்கறே."

பூபதிக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பில் கவசம் விலகிக் காற்று புஸ்ஸென்று வெளியேறியது.

"சிரிக்காதீங்ணா, மீட்டரு ஆடுது!"

கவசத்தைச் சரியாக்கிக்கொண்டு கண்ணை மூடினான். காற்று வழக்கம்போல் மெதுவாக வந்து தொண்டையைத் திறந்து பிடித்தது. குழாயின் மேல் எதையாவது போர்த்த வேண்டுமா, மலையில் குளிருமே என்று சுகன்யா கேட்பதும், குழாயைக் கம்பளிக்குள் விட்டுவிட்டால் போதும் என்று காளிதாஸ் சொல்வதும் கேட்டன. அப்புறம் அவை தூரமாகப் போயின.

யாரோ கேட்டைத் தட்டினார்கள். பாடி எப்போது முடியும் என்று கேட்க வந்த லாரிக்காரராக இருக்கும். சைபுல்லா செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு ஓடுவது காதில் விழுந்தது.

"கத்தாதீங்க, கத்தாதீங்க," என்று அவன் கிசுகிசுத்தான். "மொதலாளி மலைக்குப் போயிருக்கறாரு."