சக்கரத்துக்குள் ஐந்து பேர்

ரோமானியரின் ஆரெலாத்தே நகரத்து அரங்கத்துக்குக் கல் ஏற்றியது யார் என்று கேட்டால், வாசலில் பொறித்திருக்கும் பெரிய மனிதரின் பெயரைக் காட்டுவார்கள். சுத்தப் பொய். ஏற்றியது எங்கள் கால்கள். மூன்று ஆள் உயர மரச்சக்கரத்துக்குள் அடிமைகள் ஐந்து பேர் நடப்போம். முன்னால் பார்த்து நடந்தால் கயிறு சுற்றிக்கொண்டு கல் மேலே ஏறும். திரும்பி நின்று நடந்தால் இறங்கும்.

அன்று காலை கயிற்றில் ஒரு புரி அறுந்து தொங்கியது. மேலாள் விபியுஸிடம் சொன்னேன்.

"உன்னை வாங்குனது நடக்கிறதுக்கு. கயித்துக்கு ஜோசியம் பாக்க இல்ல. ஏறுடா உள்ள!"

கீழே, சுவருக்கும் கல்லடுக்குக்கும் நடுவே இருந்த சந்தில் என் தங்கை கணவன் பெல்லிக்குஸ் நின்றான். தொங்கும் கல் சுவரில் மோதாதபடி துணைக்கயிற்றை இழுத்துப் பிடிப்பது அவன் வேலை. கல் விழுந்தால் அவனுக்கு ஓட வழியில்லை.

கல் பாதி உயரம் போயிருக்கும். பட்டென்று இன்னொரு புரி தெறித்தது.

"நிக்காதீங்கடா! ஏத்துங்க!" என்று கத்தினான் விபியுஸ்.

"மச்சான், மேல என்ன சத்தம்?" என்று கீழிருந்து கேட்டான் பெல்லிக்குஸ்.

"ஒண்ணுமில்ல மச்சான். கல்லு வீட்டுக்குத் திரும்புது."

நான் திரும்பி நின்றேன். மற்ற நால்வரும் திரும்பினார்கள். விபியுஸ் சக்கரத்தின் சட்டங்களுக்கு நடுவே சாட்டையை விட்டு விளாசினான். வேகமாக இறக்கினால் கயிறு தாங்காது. அதனால் அடி விழ விழ, நிதானமாக ஒவ்வோர் எட்டாக வைத்தோம். கடைசியில் கல் கட்டைகள்மேல் உட்கார்ந்தது. பெல்லிக்குஸ் வெளியே வந்து தரையில் சரிந்தான்.

"எங்கடா அறுந்துச்சு? காட்டு பாப்போம்!" என்று இளித்தான் விபியுஸ்.

"உங்க பேச்சை நாங்க கேக்கலைங்கய்யா. அதான் அறுந்து போகல" என்றேன்.

எங்களைக் கம்பத்தில் கட்டிச் சாட்டையால் முதுகை உரித்தெடுத்தார்கள். அதன்பின் ஆற்றுத்துறையில் இதே மாதிரிச் சக்கரம் மிதிக்கும் ஐந்து பேரை விபியுஸ் புதிதாக ஓட்டிக்கொண்டு வந்தான். எங்கள் பேச்சுக்கூடப் புரியாத யாரோ. கயிற்றையும், எங்கள் முதுகையும், மறுபடி சந்துக்குள் தள்ளப்பட்ட பெல்லிக்குஸையும் அவர்கள் மாறி மாறிப் பார்த்தார்கள்.

"ம், நடங்க!" என்று சாட்டையைச் சொடுக்கினான் விபியுஸ்.

ஒருவர்பின் ஒருவராகச் சக்கரத்துக்குள் ஏறினார்கள். ஐவரும் இறக்கும் பக்கமாகத் திரும்பி நின்றார்கள்.