ஆறாவது பழம்

அழகர்சாமி ஆறு பழம் வைத்தான். ஆறுக்குள்ளும் வெடி. தொட்டியத்துப் பூவன் வாழைத் தார்கள் திருச்சி காந்தி மார்க்கெட்டுக்குப் போக இன்னும் பத்தே நாள். அதற்குள் காட்டுப்பன்றிகள் புகுந்து முந்நூறு வாழையைக் கிழங்கோடு கிளறிப் போட்டிருந்தன. வயிறு எரியாதா? எரிந்தது. "பூமி மனுஷன் பொழைக்கத்தானே இருக்கு, பன்னிக்கா பட்டா குடுத்திருக்கான்?" என்று டீக்கடையில் கேட்டான். நாலு பேர் சிரித்தார்கள். அது போதும் அவனுக்கு.

மனைவி மயிலம்மாளிடம் மட்டும் மூச்சு விடவில்லை. சொன்னால் வீட்டை ரெண்டாக்கிவிடுவாள்.

விடிந்து போய்ப் பார்த்தபோது ஒன்று வெடித்திருந்தது. வாய்க்காலில் தாய்ப்பன்றி ஒன்று நின்றது. கீழ்த்தாடை இல்லை, நாக்கு மட்டும் தொங்கியது. தண்ணீரில் மூஞ்சியை வைக்கும், குடிக்க முடியாமல் தூக்கும், மறுபடி வைக்கும். தண்ணீர் சிவந்து ஓடியது. கரையில் மூன்று குட்டிகள் கத்திக்கொண்டிருந்தன. அரிவாள் அவன் கையில்தான் இருந்தது, ஒரே வெட்டில் முடித்திருக்கலாம். "நல்லா அனுபவி" என்று சொல்லிவிட்டு நகர்ந்தான், பாவி!

மீதிப் பழங்களைப் பொறுக்கினான். கையில் நாலு. ஆறாவதைக் காணோம். அது இருந்த வரப்பில் புல் புதுசாக அறுபட்டிருந்தது.

அந்த வரப்பில் புல் அறுக்க மயிலம்மாளைத் தவிர யார் வருவார்? வாழை ஊர்க்காரிக்குக் கீழே கிடக்கும் பழத்தை விட்டுவர மனசு வருமா? வீட்டில் நிறைசினையாக நிற்கிற பசு சிவப்பிக்கோ பழம் என்றால் உயிர். போன் அடித்தான். அவள் எடுக்கவில்லை.

ஓடினான். சேற்றில் ஒரு செருப்பு போனது. தெருமுனையிலிருந்தே கத்தினான்.

"மயிலு! அந்தப் பழத்தை மாட்டுக்குப் போடாத!"

"காலங்காத்தால என்ன கூப்பாடு?" கொட்டகைக்குள்ளிருந்து அவள் குரல் வந்தது. "புல்லோட போட்டாச்சு. வாயில்லா ஜீவன், தின்னுட்டுப் போவுது விடுங்க."

வெடித்தது.

உள்ளே புகை. மயிலம்மாள் சுவரோரம் விழுந்து கிடந்தாள், முகமெல்லாம் ரத்தம். அது அவள் ரத்தம் இல்லை. சிவப்பி நின்றுகொண்டிருந்தது. கீழ்த்தாடை போயிருந்தது. தொட்டித் தண்ணீரில் முகத்தை வைத்தது, குடிக்க முடியாமல் தூக்கியது, மறுபடி வைத்தது. வயிற்றில் கன்று புரள்வது வெளியே தெரிந்தது.

அழகர்சாமி மாட்டின் கழுத்தைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதான். வெடி வைத்ததைச் சொன்னான். வாய்க்காலில் பன்றி நிற்பதையும், அதை அப்படியே விட்டு வந்ததையும் சொன்னான்.

மயிலம்மாள் அழவில்லை. "நல்ல பழமா இருக்கேன்னு நானே தின்னப் பாத்தேன்யா" என்றாள். பிறகு கால்நடை டாக்டருக்குப் போன் போட்டுப் பேசினாள்.

"டாக்டர் வராரு. கன்னு தப்பிச்சாலும் தப்பிக்கும். தாய்க்கு ஊசி போட்டு நோவில்லாம அனுப்பிடுவாராம்."

அவன் கீழே போட்ட அரிவாளை எடுத்து நீட்டினாள்.

"வாய்க்கால்ல நிக்குதே, அதுக்கு யாரு வருவா? போய்யா."

போனான். பன்றி அங்கேயே நின்றது. அவனைப் பார்த்தும் ஓடவில்லை, ஓடத் தெம்பில்லை. தண்ணீரில் இறங்கினான். முதல் வெட்டு தவறித் தோளில் விழுந்தது. பன்றி கத்தவில்லை, கத்த அதற்கு வாய் ஏது? குட்டிகள்தான் கத்தின.

அழகர்சாமி மறுபடி அரிவாளை ஓங்கினான். "சிவப்பி, சிவப்பி" என்று கதறிக்கொண்டே வெட்டினான்.