ஒரு நாள் முந்திய வாழ்த்து

இப்போதெல்லாம் வாழ்த்துவதற்கும் சட்டம் பேசுகிறார்கள் என்று ஆர்னோவுக்கு எரிச்சல். தூரத்து உறவான லோத்தாரின் எண்பதாவது பிறந்தநாளுக்காகவே அவர் பிரேசிலிலிருந்து ஜெர்மனிக்கு வந்திருந்தார். மகன் தேதி தவறிப் பயணச்சீட்டு எடுத்ததால், முந்தின நாளே திரும்ப வேண்டியதாயிற்று.

வாசலில் லோத்தாரின் கையைப் பிடித்தார். "அண்ணே, பிறந்தநாள் வாழ்..."

லோத்தாரின் மனைவி ஹெட்விக் பாய்ந்து தடுத்தாள். "ஐயோ தம்பி, எங்க ஊர் வழக்கப்படி, நாள் வர்றதுக்கு முன்னாடி வாழ்த்து சொன்னா அவருக்கு ஆகாது!"

"எனக்கே எழுபத்தெட்டு, அண்ணி. இனி எப்ப வரப்போறேன்?"

"நாளைக்கு போன்ல சொல்லுடா," என்றார் லோத்தார்.

"போன்ல சொல்லவா கடல் தாண்டி வந்தேன்? எண்பது வருஷமா சாகாத மனுஷன், நான் வாழ்த்தினதும் செத்துருவீங்களா?"

லோத்தார் காதைப் பொத்திக்கொண்டார்.

"பைத்தியக்கார ஊரு!" பெட்டியை இழுத்துக்கொண்டு ஆர்னோ திரும்பிப் பாராமல் நடந்தார்.