பாறை நகர்ந்த காலை

டீயை ஊதிக் குடித்தபடி ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தபோது, ஆற்றின் நடுவிலிருந்த பாறை மெல்ல அசைந்து, ஒரு சுற்றுச் சுற்றி, கிழக்கே மிதந்து போனது. அளவுக்காரரின் டீ மடியில் கொட்டியது. அது பாறையே இல்லை. எங்கிருந்தோ அடித்துவந்து, கட்டியிருந்த கயிறு பாறையில் சிக்கி, மூழ்கிய பாறைக்கு மேலேயே மிதந்த தார் டிரம். தண்ணீரோடு தானும் உயர்ந்து, இரண்டு நாளாக அவரை ஏமாற்றியிருக்கிறது.

தினமும் காலையில் எழுபத்திரண்டு படி இறங்கி, கம்பத்தில் நீர்மட்டம் பார்த்துத் தலைமை அலுவலகத்துக்குப் போனில் சொல்வதுதான் அவர் வேலை. முந்தாநாள் முழங்கால் வீங்கிப் படுத்திவிட்டது. பாறை முக்கால்வாசி தெரிந்தால் ஆறடி என்பது அவருக்கு மனப்பாடம். முந்தாநாளும் நேற்றும் ஜன்னலில் நின்றே ஆறடி என்று சொல்லிவிட்டார். அங்கிருந்து கரை தெரியாது. ஊரில் ஒரு சொட்டு மழையும் இல்லை. மேலே மலையில் கொட்டியதை யார் கண்டது?

உட்கார்ந்து உட்கார்ந்தே படியிறங்கினார். பாதிப் படியிலேயே தண்ணீர் நின்றது. பதினேழு அடி.

மற்றவர்களுக்கு ஆறு என்றால் மலை, பாலம், கடல். அவருக்கு அது நாள் கணக்கு. இங்கே ஓடும் தண்ணீர் மறுநாள், இரண்டு ஆறுகள் கூடுமிடத்தில் இருக்கும் அடுத்த நிலையத்தைத் தொடும். அதற்கு மறுநாள் ஆலைகளைத் தாண்டும். மூன்றாம் நாள் மகள் குடியிருக்கும் கரைத் தெரு. அப்புறம் கடல், அதை அவர் பார்த்ததில்லை. விரல்விட்டு எண்ணினார். முந்தாநாள் போன வெள்ளம் நாளைக் காலை மகள் வீட்டு வாசலில் நிற்கும்.

தட்டுத்தடுமாறி மேலேறியதும் அவர் அலுவலகத்தைக் கூப்பிடவில்லை, மகளைத்தான் கூப்பிட்டார். அது நியாயமில்லை என்று அவருக்கே தெரியும். பிள்ளைகளையும் தையல் மெஷினையும் எடுத்துக்கொண்டு இன்றைக்கே மேட்டிலிருக்கும் நாத்தனார் வீட்டுக்குப் போய்விடச் சொன்னார். ஏன் என்றாள். மென்று விழுங்கி விஷயத்தைச் சொன்னார்.

"அப்பா, எங்க தெருவுல நாப்பது வீடு இருக்கு. நான் மட்டும் மூட்டை கட்டினா ஏன்னு கேப்பாங்க. என்ன சொல்லட்டும்?"

"வேலை போயிடும்மா. ஜெயில்லகூட போடுவாங்க."

"ஆபீஸ்ல சொல்லிட்டுக் கூப்பிடுங்க. அதுவரைக்கும் நான் இங்கருந்து நகர மாட்டேன்."

பிடிவாதத்தில் அப்படியே அவள் அம்மா. பேரப்பிள்ளைகளை வைத்துக்கொண்டு இப்படி மிரட்டுகிறாளே என்று ஆத்திரமாக வந்தது. வேறு வழியில்லாமல் அலுவலகத்தைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் கொட்டிவிட்டார்.

அதிகாரி திட்டவில்லை. அளவை இரண்டு முறை கேட்டு எழுதிக்கொண்டு, அடங்கிய குரலில் சொன்னார்: "அடுத்த நிலையத்துல நேத்து மத்தியானத்துலருந்து யாரும் போனை எடுக்கல. லைன் கோளாறுன்னு விட்டுட்டோம். நீங்கதான் ஆறடின்னு சொல்லியிருந்தீங்களே."

மகளைக் கூப்பிட்டு "சொல்லிட்டேன்" என்று ஒரு வார்த்தை சொல்லிப் போனை வைத்தார். பிறகு அடுத்த நிலையத்தின் எண்ணைப் போட்டார். அங்கே ஒரே ஒரு ஆள், மணல் திட்டில் ஒரே ஒரு அறை. பதினோரு வருஷமாகத் தினமும் பேசிக்கொள்வார்கள், பார்த்துக்கொண்டதில்லை. நேற்றுக் காலைகூட அவன், "நீங்க ஆறடின்னா நான் கவலையில்லாம தூங்குவேன்ணே" என்று சிரித்தான்.

மணி போனது. அவன் முகம் எப்படியிருக்கும் என்று நினைத்துப் பார்த்தார். குரல்தான் வந்தது, முகம் வரவில்லை. வீங்கிய காலை நீட்டித் தரையில் உட்கார்ந்து, ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டார். மணி போய்க்கொண்டே இருந்தது.