கடைசிப் பக்கத்திலிருந்து

உலகம் எத்தனை விதமாக அழியும் என்று என்னைக் கேளுங்கள், சொல்கிறேன். வெள்ளத்தில் அழியும். வால்நட்சத்திரம் விழுந்து அழியும். பேர் தெரியாத காய்ச்சலில் அழியும். ஒரு முறை எறும்புகளால் அழிந்தது. அத்தனையையும் மெய்ப்புப் பார்த்தவள் நான். உலகமே சாம்பலானாலும் சாம்பலை எழுத்துப் பிழையில்லாமல் எழுத வேண்டும் என்பது என் கட்சி.

எங்கள் பதிப்பகம் உலக முடிவுக் கதைகளைத் தவிர வேறு எதையும் போடுவதில்லை. குழந்தை வளர்ப்பு, வீட்டு வைத்தியம் என்று என்னென்னவோ போட்டுக் கையைச் சுட்டுக்கொண்ட பிறகுதான் பதிப்பாளர் இதில் இறங்கினார். "உலகம் அழிஞ்சாத்தாம்மா நம்ம வீட்ல உலை கொதிக்குது" என்பார். அவர் அச்சுத்தாள் கட்டை ஆள் மூலம் என் வீட்டுக்கு அனுப்புவார். நான் மூன்றாவது மாடியில் ஒற்றை அறையில் இருக்கிறேன். ஒரு மேசை, ஒரு நாற்காலி, ஒரு பென்சில் டப்பா. பேச்சுச் சத்தம் என்றால் அது சுவருக்கு அந்தப் பக்கத்து ரேடியோதான். சில நாள் சாயங்காலம் கடையில் பால் வாங்கும்போதுதான் அன்றைக்கு முதல் தடவையாக வாய் திறக்கிறேன் என்பதே எனக்கு உறைக்கும். தொண்டை கரகரக்கும். பால்காரர் சளியா என்று கேட்பார். ஆமாம் என்பேன். வேறு என்ன சொல்ல?

என்னிடம் ஒரு வழக்கம் உண்டு. எந்தப் புத்தகத்தையும் கடைசி அத்தியாயத்தில் தொடங்கி முதல் அத்தியாயத்தில் முடிப்பேன். முன்னாலிருந்து படித்தால் கதை கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விடும், கண் பிழைகளைத் தாண்டி ஓடிவிடும். பின்னாலிருந்து வந்தால் அந்தத் தொல்லை இல்லை. இதில் இன்னொரு லாபமும் இருக்கிறது. என் கைக்கு வந்த எந்த உலகமும் அழிந்ததில்லை. தனியாகத் திரியும் கடைசி மனிதனுக்குத் துணையாக ஒருத்தி எழுந்து வருவாள். பிறகு கடைகள் திறக்கும், பேருந்து ஓடும், கடைசியில் ஒரு குடும்பம் உட்கார்ந்து காலைச் சாப்பாடு சாப்பிட்டுக்கொண்டிருக்கும். அதோடு கட்டை மூடி வைத்துவிட்டு நான் தனியாகப் போய்ச் சாப்பிடுவேன்.

பதிப்பகத்தில் அதிகம் விற்பது என் அண்ணன் எழுதும் கதைகள். அவனோடு நான் பேசி வருஷக்கணக்காகிறது. அம்மா ஆஸ்பத்திரியில் கடைசி மூச்சை இழுத்துக்கொண்டிருந்தபோது அவன் பக்கத்தில் உட்கார்ந்து அந்த மூச்சு எப்படி வருகிறது, எப்படி நிற்கிறது என்று குறிப்பெடுத்துக்கொண்டிருந்தான். அடுத்த நாவலில் அதை அப்படியே ஒரு கிழவிக்கு வைத்துவிட்டான். இன்றைக்குக் கேட்டாலும் அது அநியாயம் என்றுதான் சொல்வேன். அம்மா போன அன்றே ஆஸ்பத்திரி நடைவழியில் நின்று, இனி எனக்கு அண்ணன் இல்லை என்று சொல்லிவிட்டு வந்தவள்தான்.

ஆனால் அவன் கதைகள் மட்டும் என் மேசைக்கு வந்துகொண்டே இருந்தன. முதல் தடவை திருப்பி அனுப்பியிருக்கலாம். அனுப்பவில்லை. அவனுடைய பிழைகளைப் பிடிக்க இதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைக்குமா? ஓரத்தில் பென்சிலால் எழுதுவேன். என் கையெழுத்து அவனுக்குத் தெரியாதா, கீழே பேனாவால் பதில் எழுதி அனுப்புவான்.

'போன அத்தியாயத்தில் செத்த நாய் இங்கே குரைக்கிறது.'

'இது வேறு நாய்.'

'அப்படியானால் வேறு நிறம் கொடுக்கவும்.'

'கொடுத்தாயிற்று. திருப்தியா?'

அந்தத் 'திருப்தியா'வை நான் எத்தனை தடவை எடுத்துப் பார்த்திருப்பேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள். என்னை யாரும் எதுவும் கேட்காத வீட்டில் அது ஒரு கேள்வி. புத்தகத்துக்குப் புத்தகம் நாங்கள் இப்படிக் காகித ஓரத்திலேயே முட்டிக்கொண்டோம். பதிப்பாளருக்கு விஷயம் தெரிந்ததும் தலையில் அடித்துக்கொண்டார். "அண்ணன் தங்கச்சி சண்டைய என் காகிதத்துலதான் போடணுமா?" என்றார். ஆனால் வேறு ஆளை வைக்கவில்லை.

இந்த முறை கட்டு வந்த அன்றே அவர் தொலைபேசியில் கூப்பிட்டார்.

"உங்க அண்ணனுக்கு இதுதான் கடைசியாம்மா. இனிமே எழுத மாட்டேன்னுட்டாரு. அச்சகத்துல தேதி வாங்கிட்டேன், தலைக்கு மேல வேலை. முழுசா முடிக்கணும்னு காத்திருக்காதீங்க. முடிக்க முடிக்க அனுப்புங்க, நான் அவருகிட்ட அனுப்பி வாங்கிக்கறேன்."

சரி என்று வைத்துவிட்டேன். வைத்த பிறகுதான் உறைத்தது. இந்தக் கட்டு போய்விட்டால் அவன் கையெழுத்து இனி என் வீட்டுக்கு வராது. எனக்கென்று உலகத்தில் மிச்சமிருந்த ஒரே சண்டை முடியப் போகிறது. அதை நினைத்து அழுகை வந்தது, அழுகிறேனே என்று கோபமும் வந்தது.

கோபத்தோடுதான் கடைசி அத்தியாயத்தை எடுத்தேன். ஊரெல்லாம் காலியாகிவிட்டது. ஒரு கிழவன் மட்டும் மிச்சம். தினமும் சாயங்காலம் மேசையைத் துடைத்து இரண்டு தட்டு வைக்கிறான். ஒன்றில் சாப்பிட்டுவிட்டு இரண்டையும் கழுவி வைக்கிறான். இது திரும்பத் திரும்ப வருகிறது. நான் பென்சிலைக் கூர் சீவிக்கொண்டேன்.

'உலகத்தில் இவனைத் தவிர யாரும் இல்லை என்று நீங்களே சொல்லியாயிற்று. பிறகு எதற்கு இரண்டு தட்டு? யாரும் வரப்போவதில்லை. ஒன்று போதும்.'

நல்ல சண்டைக்கு இது தாங்கும் என்று நினைத்தேன். வரிந்துகட்டிக்கொண்டு வருவான், அரைப் பக்கமாவது எழுதுவான் என்று காத்திருந்தேன். தாள்கள் திரும்பி வந்தன. தட்டு வந்த இடமெல்லாம் பேனாவால் ஒன்றாக்கியிருந்தான். கீழே 'சரி' என்று மட்டும் எழுதியிருந்தான்.

அடுத்து அனுப்பிய அத்தியாயங்களும் அப்படியே. எதைக் கேட்டாலும் சரி. சோதித்துப் பார்க்க, சரியாக இருந்த ஒரு வாக்கியத்தை வேண்டுமென்றே தப்பு என்று சுழித்து அனுப்பினேன். அதற்கும் சரி. என் அண்ணன் தன் வாழ்நாளில் எதற்குமே சரி சொன்னவன் இல்லை. எனக்குப் பகீரென்றது. பதிப்பாளரைக் கூப்பிட்டேன்.

"மனசு சரியில்ல போல. வீட்டைக் காலி பண்றாராம்," என்றார்.

"எங்க போறானாம்?"

"அதை நான் கேக்கலயேம்மா. நீங்கதான் கேக்கணும்."

நான் கேட்கவில்லை. என்ன முகத்தை வைத்துக்கொண்டு கேட்பது? வேலையைப் பார்த்தேன். கிழவன் வயது குறைந்துகொண்டே வந்தான். தெருக்களில் ஆள் நடமாட்டம் கூடியது. முதல் அத்தியாயத்துக்கு நான் வந்து சேர்ந்தபோது மத்தியானம்.

அதில் வெள்ளமும் இல்லை, நெருப்பும் இல்லை. ஒரு ஆஸ்பத்திரி நடைவழி. ஒரு அண்ணன், ஒரு தங்கை. அம்மா போய் ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. 'அவள் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அவன் பேனாவைப் பிடித்துக்கொண்டிருந்தான்' என்று எழுதியிருந்தான். 'அவள் சொன்னது நியாயம். அவள் கதவைச் சாத்திக்கொண்டு போன சத்தத்தோடு உலகம் முடிந்துவிட்டது. மற்றவர்களுக்குத் தகவல் வந்து சேரத்தான் தாமதமானது. அன்றிலிருந்து அவன் சாப்பாட்டு மேசையில் இரண்டு தட்டு வைத்தான். கோபம் தீர்ந்து என்றைக்காவது வருவாள். வந்தால் அவளுக்குப் பசி பொறுக்காது.'

பென்சில் எப்போது கீழே விழுந்தது என்று தெரியவில்லை.

ஊரில் எல்லோரும் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்துதானே படிப்பார்கள். கடைசி அத்தியாயம் முதலில் வந்தாலும், நானும் முழுக்க அப்படிப் படித்துவிட்டுத்தான் திருத்த உட்கார்ந்தேன் என்று நினைத்திருக்கிறான். மன்னிப்புக் கேட்டு முதல் பக்கத்தில் வைத்தான், அதைப் படித்துவிட்டுத்தான் நான் கடைசிப் பக்கத்தில் பதில் எழுதினேன் என்று எடுத்துக்கொண்டான். யாரும் வரப்போவதில்லை. ஒன்று போதும். நான் எழுதியதிலேயே கொடூரமான வாக்கியம் அதுதான். அதில் ஒரு பிழைகூட இல்லை.

பதிப்பாளரிடம் அண்ணன் எண்ணை வாங்கிக் கூப்பிட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மறுபடி பதிப்பாளரைக் கூப்பிட்டு, கடைசி அத்தியாயத்தை நிறுத்தி வைக்கச் சொன்னேன். "அது அச்சாகிக் காஞ்சே போச்சேம்மா," என்றார். முகவரியைக் கேட்டு எழுதிக்கொண்டு, வீட்டில் போட்டிருந்த செருப்போடு வாடகைக் காரில் ஏறினேன்.

அவன்தான் கதவைத் திறந்தான். தலை முழுக்க வெளுத்து, ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவனுக்குப் பின்னால் அறை முழுக்க அட்டைப்பெட்டிகள்.

"நான் கடைசிலருந்துதான் படிப்பேன்," என்றேன். எப்படி இருக்கிறாய் என்றுகூடக் கேட்கவில்லை.

"என்னது?"

"புத்தகத்த. கடைசி அத்தியாயத்துலருந்து முன்னால வருவேன். தட்டு பத்தி எழுதினப்ப நான் முதல் அத்தியாயத்தப் பாக்கவே இல்ல. இன்னிக்கு மத்தியானந்தான் படிச்சேன்."



"யாராவது கதையப் பின்னாலருந்து படிப்பாங்களா?"

"நான் படிப்பேன்."

"அப்ப இத்தன வருஷமா நான் உயிரக் குடுத்து எழுதின முடிவெல்லாம்..."

"முதல்லயே தெரிஞ்சுடும். எந்த முடிவுக்கும் நான் பதறினதே இல்ல."

அவன் சிரித்தான். சிரித்துக்கொண்டே ஒரு பெட்டிமேல் உட்கார்ந்தான். தோள் குலுங்கிக்கொண்டே இருந்தது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் அது சிரிப்பு இல்லை என்று எனக்குத் தெரிந்தது. நானும் எதிரில் ஒரு பெட்டியில் உட்கார்ந்தேன்.

"அந்தப் பேனா விஷயம் இப்பவும் தப்புதான்," என்றேன்.

"தப்புதான்."

"அச்சாயிடுச்சாம். கடைசில ஒரு தட்டுதான்."

"இன்னொண்ணு எங்க போச்சுன்னு எவனாவது கேப்பான்."

"கேக்கட்டும். எங்க போற நீ?"

ஊருக்கு வெளியே ஒரு முதியோர் இல்லம் என்றான். தனி அறையாம், ஜன்னல் உண்டாம். இந்த வீட்டை விட்டாகிவிட்டது, நாளைக்கு வேறு குடும்பம் வருகிறது. என் பதில் வந்த வாரமே எல்லாவற்றையும் பேசி முடித்துவிட்டானாம்.

"நான் எழுதின ஒத்த வரிக்கா?"

"வயசும் ஆச்சுல்ல. விழுந்து கிடந்தா யாருக்குத் தெரியும்?"

என்னோடு வா என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. என்னுடையது மூன்று மாடி, லிஃப்ட் கிடையாது. அவனுக்கோ வாசலுக்கு வரவே சுவர் வேண்டியிருக்கிறது. ஒரு மாதம் முன்னால் என்றால் கீழ்த்தளத்தில் வீடு பார்த்திருக்கலாம். அந்த ஒரு மாதமும் நான் பென்சிலைச் சீவிக்கொண்டு அவன் எப்போது சண்டைக்கு வருவான் என்று காத்திருந்தேன்.  நான் சொல்லாமல் விட்டது அவனுக்கும் புரிந்திருக்க வேண்டும், தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பெட்டிகளுக்கு நடுவில் தொலைபேசி அடித்தது. அவன் எழுந்திருக்கவில்லை. "ரெண்டு நாளா எடுக்கறதில்ல. யார் கூப்பிடப் போறா," என்றான். நான் எடுத்தேன். ஒரு பெண் பேசினாள், குரலில் அவசரம் இருந்தது.

"இல்லத்துலருந்து பேசறோம். சார அழைச்சிட்டு வர வண்டி கிளம்பிடுச்சு. நீங்க யாரு பேசறது?"

"அவரோட தங்கச்சி."

தாள் புரளும் சத்தம் கேட்டது.

"தங்கச்சியா? ஏதாவது ஒண்ணுன்னா யாரக் கூப்பிடணும்னு கேட்டதுக்கு, தனக்குன்னு யாருமே இல்லன்னு சொன்னாரே. அப்படித்தான் இங்க எழுதியிருக்கு."

அண்ணன் தலையை நிமிர்த்தவே இல்லை.

"அது பிழை," என்றேன். "அத அடிச்சிடுங்க. தங்கச்சி ஒருத்தி இருக்கான்னு எழுதிக்குங்க."